மாஸ்டருக்கு நூறு நாள் ஜூஸ்

என் வீட்டுக்காரரைச் சாயத் தொழிற்சாலையில் மட்டுமல்ல, எங்கள் குடியிருப்பிலும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாடம் நடத்தும் மாஸ்டர் இல்லை, ஷேடு மாஸ்டர். துணியில் ஏறியிருக்கும் நிறம் வாங்குகிறவர் கேட்ட நிறம்தானா என்று பார்த்துச் சொல்கிறவர். அவர் சீட்டில் 'சரி' என்று எழுதினால் இரண்டாயிரம் மீட்டர் துணி லாரி ஏறும். 'இல்லை' என்று எழுதினால் அத்தனையும் மறுபடி சாயத் தொட்டிக்குப் போகும். முதலாளியே வந்து நின்று, "மாஸ்டர், இந்த ஒரு தடவை கண்டுக்காம விடுங்களேன்" என்று கெஞ்சிய நாளெல்லாம் உண்டு. இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் விட்டதில்லை.

அவரைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ள இதைச் சொல்லவில்லை. எப்படிப்பட்ட மனுஷரைப் பொய் சொல்ல வைத்தேன் என்பது உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான்.

அவர் வேலை செய்யும் அறையை நான் பார்த்திருக்கிறேன். சுவர், மேசை, கதவு எல்லாமே சாம்பல் நிறம். மூலையில் முன்பக்கம் திறந்த பெரிய பெட்டி ஒன்று. அதற்குள் மூன்று விதமான விளக்கு: பகல் வெளிச்சம் போல ஒன்று, கடை வெளிச்சம் போல ஒன்று, வீட்டு பல்பு போல ஒன்று. கேட்ட துணியையும் சாயம் ஏறிய துணியையும் அடுத்தடுத்து வைத்து மூன்று வெளிச்சத்திலும் பார்ப்பார். ஐந்து நொடி பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பிறகு மறுபடி ஐந்து நொடி. "அதுக்கு மேல பாத்தா கண்ணு சமாதானம் ஆயிடும். எதைக் காட்டினாலும் சரின்னு சொல்லிடும்" என்பார். போட்டிருக்கும் சட்டையின் நிறம் துணியில் அடிக்கும் என்று வேலைக்குச் சாம்பல் சட்டைதான். ஆறு சட்டை, ஆறும் ஒரே நிறம். இந்த மனுஷர் சட்டையே மாற்றுவதில்லை என்று எதிர்வீட்டு அம்மா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். துணிக்கடைக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போனால் கடைக்காரர் பாடு திண்டாட்டம். ஒவ்வொரு துணியையும் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்.

வீட்டில் அதிகம் பேசமாட்டார். அந்தக் குறையை நான் தீர்த்துவிடுவேன். எனக்கு வேலையே பேச்சுதான். மின்சார அலுவலகத்தில் புகார் ஃபோன் எடுக்கிறேன். "கரண்ட் எப்பம்மா வரும்?" என்று கத்துகிறவர்களிடம் "ஆள் கிளம்பிட்டாங்க சார், பத்து நிமிஷம்" என்று சொல்ல வேண்டும். ஆள் அப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். குரல் நடுங்காமல் பொய் சொல்வது எனக்குச் சம்பளம் கொடுத்துக் கற்றுத்தந்த வித்தை.

ஐம்பத்து மூன்றாம் வயதில், தொழிற்சாலையில் எல்லாருக்கும் எடுத்த பரிசோதனையில், அவர் சிறுநீரில் ரத்த அணுக்கள் இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற ரத்தம் ஒரு சொட்டுகூட அவருக்கு அதுவரை வந்ததில்லை. மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீர்ப் பாதை வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையில் கட்டி. புற்றுநோய்தான், ஆனால் மேலோடு நிற்கிறது, சுரண்டி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். சாயம் என்று இவர் சொன்னதும் ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தி, பிறகு எழுதிக்கொண்டார்.

சுரண்டி எடுத்தார்கள். ஆறு வாரம், வாரம் ஒரு முறை, பைக்குள்ளேயே மருந்தைச் செலுத்தினார்கள். இந்த நோய் திரும்பத் திரும்ப வரும் சுபாவம் உள்ளது, அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்றார்கள். "இதுல மட்டும் டிமிக்கி குடுக்கக் கூடாது" என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் நோய்க்கு அழவில்லை. இடத்துக்குத்தான் கூனிக்குறுகிப் போனார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆகியும் என் முன்னால் சட்டை மாற்றுவதற்குக்கூடத் திரும்பி நிற்கிறவர். அவரைக் கால்களை அகட்டிப் படுக்க வைத்து, ஐந்து பேர் சுற்றி நின்றார்கள், அதில் இரண்டு பேர் எங்கள் பெண்ணைவிடச் சின்ன வயது. வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "யார் கேட்டாலும் கல்லுன்னு சொல்லு" என்று மட்டும் சொன்னார். சொந்தத் தங்கச்சியிடமே ஒரு மாதம் கல் என்றுதான் சொல்லியிருந்தோம்.

உண்மை தெரிந்ததும் அந்தத் தங்கச்சி, என் நாத்தனார், அழுதுகொண்டே ஜூஸ் மெஷினுடன் வந்து இறங்கினாள். "அண்ணி, காய்கறியைப் போட்டா சக்கை தனியா சாறு தனியா வரும். அண்ணனுக்கு உடம்பு தேறும்" என்றாள். டாக்டரிடம் கேட்டேன். "தாராளமா குடிங்க. நல்லா கழுவிட்டுப் போடுங்க. ஆனா அது சாப்பாடு, மருந்து இல்ல" என்றார். எனக்கு முதல் வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது.

அங்கிருந்து நான் பிடித்த வேகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். விடிந்தும் விடியாமல் மெஷின் ஓடும். கேரட், வெள்ளரி, ஆப்பிள், இஞ்சி, கீரை. சர்க்கரை, பொரித்த பண்டம், பிஸ்கட், டீ எல்லாவற்றையும் வீட்டைவிட்டுத் துரத்தினேன். மாஸ்டருடைய டீயைக் கொட்டிய அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பச்சைக் கீரைச் சாற்றைப் பெரிய டம்ளரில் நீட்டியதைப் பார்த்து நாத்தனாரே, "அண்ணி, நான் மெஷின் வாங்கித் தந்தது எங்க அண்ணனுக்கு. மாட்டுக்கு இல்ல" என்றாள்.

மூன்றாம் மாதம் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. சுரண்டி எடுத்ததும், ஆறு வாரம் செலுத்திய மருந்தும் எனக்கு நினைவுக்கே வரவில்லை. ஜூஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. குடியிருப்பில் இருப்பவர்கள், ஆபீஸில் இருப்பவர்கள், ஆஸ்பத்திரி வரிசையில் பழக்கமானவர்கள் எல்லாரையும் சேர்த்து ஃபோனில் ஒரு குழு தொடங்கினேன். பெயர் 'காலை டம்ளர்'. மூன்று வாரத்தில் அறுபத்து மூன்று பேர். தினமும் டம்ளரோடு மாஸ்டரை நிற்கவைத்துப் படம் எடுத்துப் போடுவேன். கல் என்று ஊரை ஏமாற்றச் சொன்ன மனுஷரை அறுபத்து மூன்று பேர் முன்னால் நிறுத்தினேன். ஒரு வார்த்தை அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. சாம்பல் சட்டையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கச் சொன்னால் சிரித்தார்.

சாற்றில் புதிதாகப் பீட்ரூட்டைச் சேர்த்த முதல் வாரத்திலேயே ஒரு கூத்து நடந்தது. குளியலறையிலிருந்து, "இங்க வா, இங்க வா" என்று குரல். ஓடினேன். கழிப்பறைத் தண்ணீர் சிவப்பாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டால், நர்ஸ் முதல் கேள்வியே, "பீட்ரூட் சாப்பிட்டாரா?" அதற்குள் இவர் டார்ச் அடித்து, குனிந்து, ஐந்து நொடி பார்த்து, சுவரைப் பார்த்து, மறுபடி பார்த்துவிட்டு, "ரோஸ் பக்கம் சாயுது. ரத்தம் இல்ல" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அவர் சொன்னது போலவே பரிசோதனையிலும் வந்தது. அதைக் குழுவில் போட்டு ஊரெல்லாம் சிரித்தோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சிவப்பு பயமில்லாத விஷயமாகிவிட்டது.

அப்புறம்தான் அந்த நூறு நாள். வீடியோவில் ஒருவர் சொன்னார். நூறு நாள் ஒருநாள்கூட விடாமல் சாறு குடிக்க வேண்டும், நடுவில் மாத்திரை எதுவும் உள்ளே போகக் கூடாது, போனால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்று. அவர் யார், என்ன படித்தவர், எனக்குத் தெரியாது. நல்ல கம்பீரமான குரல். ஆஸ்பத்திரியில் எழுதியிருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பேன். அந்த வீடியோக்காரரை ஒரு கேள்வி கேட்கவில்லை.

இருபத்தைந்து நாள் ஓடியது. அந்தச் சமயத்தில் ஒருநாள் மாஸ்டர், "பீட்ரூட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் ஏன் தர? தினமும் குடேன்" என்றார். வாயைத் திறந்து எதையும் கேட்காத மனுஷர், தானாகக் கேட்டாரே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'மாஸ்டரே ஆசைப்பட்டுக் கேட்கிறார்' என்று அன்றைய படத்துக்குக் கீழே எழுதிப் போட்டேன். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

முப்பத்தைந்தாம் நாள், ஆபீஸில் இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். அவர்களுக்கு என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். சீட்டில் போட்டிருந்தபடி அடுத்த வியாழக்கிழமை குழாய்ப் பரிசோதனை, முந்தின நாளிலிருந்து மாத்திரை போட வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே போனாள். மாத்திரை என்றதும் என் நூறு நாள் கண்ணுக்கு முன்னால் கவிழ்ந்தது. அறுபத்து மூன்று பேர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நூறாம் நாள் கீழ்த்தளக் கூடத்தில் கூட்டம் என்று வேறு அறிவித்துவிட்டேன்.

"நாங்க வெளியூர் போறோம்மா. ரெண்டு மாசம் ஆகும்" என்றேன்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை கட்டாயம்னு ஃபைல்ல இருக்கே மேடம்?"

"டாக்டர்கிட்ட பேசியாச்சு. அவருக்குத் தெரியும்."

குரல் துளி நடுங்கவில்லை. அந்தப் பெண் புதுத் தேதி போட்டுக் கொடுத்தாள். நூற்று மூன்றாம் நாள். இந்தக் கையால்தான் காலண்டரில் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, "ஏங்க, ஆஸ்பத்திரியில மெஷின் ரிப்பேராம். ரெண்டு மாசம் தள்ளிப் போட்டிருக்காங்க" என்றேன். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "ரெண்டு மாசமா?" என்று கேட்டார். "ஆமா, அவங்களே சொல்லிட்டாங்க" என்றேன். இன்னொரு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "அப்ப சரி" என்றார். குழாய்க்குப் பயந்தவருக்கு நல்லது செய்துவிட்டதாக எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த இரண்டு மாதத்தில் அவர் இளைத்தார். முகம் வெளுத்தது. மாடி ஏறினால் நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். நாத்தனார், "அண்ணி, அண்ணன் ரொம்ப வாடியிருக்காரே" என்றாள். "கழிவெல்லாம் வெளிய போகுதில்ல, அப்படித்தான் இருக்கும்" என்றேன் நான், பெரிய வைத்தியர் மாதிரி. அவர் அதையும் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

நூறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கீழ்த்தளக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மேசையில் மெஷினை வைத்து, காய்கறியை நிறம் நிறமாக அடுக்கியிருந்தேன். நாற்பது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். நான் பேசினேன். பேச்சுக்குக் கேட்க வேண்டுமா? மாஸ்டர் முன்வரிசையில், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் ஒருவர் எழுந்தார். ஒல்லியான மனுஷர். எங்கள் குடியிருப்புக்கு லிஃப்ட் பார்க்க வரும் மெக்கானிக். குழுவில் இருந்தார் என்பதே அன்றுதான் தெரிந்தது. "மேடம், எனக்கும் சார் மாதிரியே மூத்திரப்பையில வந்து போன வருஷம் ஆபரேஷன் ஆச்சு. உங்க அளவுப்படி பீட்ரூட் குடிக்கிறேன். சிவப்பா போகுது. நீங்க குழுவில போட்டிருந்தீங்களே, அதான் பயப்படாம இருக்கேன். அது பீட்ரூட்தானே மேடம்?" என்றார். கேட்கும்போது தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

நான் சிரித்தேன். "இதுக்கு என்னைவிடச் சரியான ஆள் இங்கயே உக்காந்திருக்கார். நிறத்துல அவர் கண்ணைத் தாண்டி எதுவும் போகாது. ஏங்க, நீங்களே சொல்லுங்க" என்று மைக்கை அவர் கையில் கொடுத்தேன்.

மாஸ்டர் எழுந்தார். மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு அந்த மெக்கானிக்கின் பக்கத்தில் போய் நின்றார். "குடிக்காத அன்னைக்கும் வருதா?" என்று கேட்டார். அவர் யோசித்து, தெரியவில்லை, தினமும்தான் குடிக்கிறேன் என்றார். மாஸ்டர் பேச ஆரம்பித்தார். சாயக் கூடத்தில் தொட்டிக்காரர்களுக்குச் சொல்லும் அதே குரல்.

"பீட்ரூட்னா ரோஸ் பக்கம் சாயும், லேசா ஊதா தெரியும். விழுந்த உடனே தண்ணி பூரா ஒரே மாதிரி பரவிடும். ரத்தம் அப்படிப் பரவாது. அடியில போய்த் தங்கும். முதல்ல நல்ல சிவப்பா இருக்கும், பத்து நிமிஷம் விட்டா பழுப்பு ஏறும். சில நாள் நூல் மாதிரி துண்டு துண்டா வரும். அது வரும்போது அடைச்சு அடைச்சு வரும். நாலு நாள் வரும், அஞ்சாவது நாள் நின்னுடும். நின்னுடுச்சேன்னு நாம இருந்துடுவோம். அடுத்த வாரம் மறுபடி வரும்."

அவர் மெக்கானிக்கின் தோளைப் பிடித்தார். "ஆனா பீட்ரூட்டும் சேர்ந்து போனா எந்தக் கண்ணுக்கும் பிரிச்சுப் பாக்க முடியாது. என் கண்ணுக்கும் முடியாது. இது கண்ணால பாத்து சரின்னு எழுதுற விஷயம் இல்ல தம்பி. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போங்க. யார் என்ன சொன்னாலும் போங்க."

நூல் மாதிரி என்றாரே, அங்கேயே எனக்குப் பிடரியில் அடித்தது. நோய் வந்தபோது இவருக்குக் கண்ணுக்குத் தெரிகிற ரத்தமே வந்ததில்லை. அப்படியானால் இந்த நூலை, இந்தப் பழுப்பை, இந்த நாலு நாள் ஐந்து நாள் கணக்கை இவர் எங்கே பார்த்தார்? தினமும் பீட்ரூட் குடேன் என்று கேட்டது எதற்கு? கையில் இருந்த கேரட்டை வைத்துவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரோ நன்றி சொன்னார்கள். யாரோ கைதட்டினார்கள்.

மாடிக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "எத்தனை நாளா?"

"ரெண்டரை மாசம் இருக்கும்."

"எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் பீட்ரூட் கேட்டீங்களா?"

தலையாட்டினார்.

"ஏங்க? ஏன் சொல்லல?" என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"பயம். வேற என்ன?" என்றார். "மறுபடி அங்க போய்ப் படுக்கணுமேன்னு பயம். வியாழக்கிழமை எப்படியும் பாக்கத்தான் போறாங்க, அப்பத் தெரிஞ்சுக்கட்டும்னு இருந்தேன். தள்ளிப் போட்டுட்டாங்கன்னு நீ வந்து சொன்ன. ஆஸ்பத்திரியே தள்ளிப் போடுதுன்னா அவ்வளவு அவசரம் இல்ல போலன்னு நானே சொல்லிக்கிட்டேன். அப்புறம் நீ வேற அவ்வளவு சந்தோஷமா இருந்த."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி தள்ளிப் போடவில்லை, நான்தான் தள்ளிப் போட்டேன் என்று சொல்வதற்கு இதைவிட ஒரு நேரம் கிடைக்காது. "சரி, நாளைக்கே போவோம்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் போனோம். அன்றைக்கே குழாய் விட்டுப் பார்த்தார்கள். வெளியே வந்த டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அறைக்குள் கூப்பிட்டார். மாஸ்டர் அப்போதுதான் உடை மாற்றிக்கொண்டு வந்து, ஓரமாக, வலியோடு உட்கார்ந்தார். டாக்டர் ஃபைலைப் புரட்டினார்.

"ரெண்டு மாசம் முன்னாடி வர வேண்டியவர் நீங்க. நோயாளி தரப்பில் கேட்டதால் தேதி மாற்றம், வெளியூர் பயணம்னு எழுதியிருக்கு. என்கிட்ட பேசியாச்சுன்னு வேற இருக்கு. என்கிட்ட யாரும் பேசல. யார் கேட்டு மாத்தினது?"

ஃபைலை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். மாஸ்டர் குனிந்து அந்த வரியைப் படித்தார். தேதியைப் பார்த்தார். மெஷின் ரிப்பேர் என்று நான் வந்து சொன்ன அதே தேதி. ரொம்ப நேரம் பார்க்கவில்லை. நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"நான்தான் டாக்டர்" என்றார்.

"ரத்தம் வந்துக்கிட்டு இருந்தப்பவா?"

"ஆமா டாக்டர்."

"பொறுப்பான வேலையில இருக்கிறவர்தானே நீங்க? சின்னக் குழந்தையா? ஜூஸ் குடிக்க நேரம் இருக்கு, அரை மணி நேரம் இங்க வர நேரம் இல்லையா?" டாக்டர் திட்டினார். நன்றாகவே திட்டினார். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டார். இருபத்தாறு வருஷம் ஒரு தப்பான சீட்டில் கையெழுத்துப் போடாதவர், என் பொய்யின் மேல் தன் பெயரைப் போட்டார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். 'இல்லை டாக்டர், நான்' என்று மூன்றே வார்த்தை. நாள் முழுக்கப் பேசிச் சம்பளம் வாங்குகிற என் வாய் திறக்கவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, டாக்டரோடு சேர்ந்து நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டி தசை வரைக்கும் இறங்கியிருந்தது. சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. வயிற்றில் வலப்பக்கம் துளை போட்டு, அதில் ஒரு பையை ஒட்டியிருக்கிறார்கள். சிறுநீர் அதில் வந்து சேரும். முன்னாலேயே வந்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாமா என்று டாக்டரைக் கேட்டேன். "தவிர்த்திருக்கலாம். தவிர்க்க முடியாமலும் போயிருக்கலாம். இப்ப அதை யாராலயும் சொல்ல முடியாது" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு பல நாள் தொங்கினேன்.

ஆபரேஷன் முடிந்த எட்டாம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சாய்ந்து உட்கார்ந்து முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உணவு நிபுணர் வந்து முட்டை, பருப்பு, தயிர், சோறு என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஜூஸ் வேண்டுமானால் ஒரு சின்ன டம்ளர் என்று கடைசி வரியில் இருந்தது. அப்போதுதான் கேட்டேன்.

"அன்னைக்கு ஏன் நீங்கன்னு சொன்னீங்க?"

வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும், என் உடம்பைப் பாத்துத்தானே ஆகணும். நாளைக்கு நான் நினைவில்லாம கிடந்தா நீதான் அவர்கிட்ட நின்னு பேசணும். நீ சொல்றதை அவர் நம்பணும்ல?"

"நான் தேதியை மாத்தாம இருந்திருந்தா?"

"போயிருப்பேன்" என்றார். "பயந்துக்கிட்டே போயிருப்பேன்."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. சமாதானமாகவும் சொல்லவில்லை. இந்தத் துணி இந்த நிறம் என்று சொல்வது போலச் சொன்னார். தட்டை என்னிடம் நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. அவருக்கு வெறும் பீட்ரூட்தான். இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். குழுவில் எல்லாரும் மாஸ்டருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். நான்கு நாள் யோசித்து எழுதினேன்: 'ஜூஸ் குடியுங்கள், ஆனால் டாக்டர் கொடுத்த தேதியை எக்காரணம் கொண்டும் தள்ளிப் போடாதீர்கள்.' யார் தள்ளிப் போட்டது என்று எழுதவில்லை. எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று நாற்பத்தொரு பேர் பாராட்டினார்கள். என் வெட்கக்கேட்டை நான் அறிவுரையாக்கி விநியோகம் செய்துவிட்டேன்.

இப்போது மாஸ்டர் மறுபடி வேலைக்குப் போகிறார், அரை நாள். அவர் வயிற்றில் இருக்கும் பையை வாரத்துக்கு இரண்டு தடவை நான்தான் மாற்றுகிறேன். முதலில் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்போது திருப்புவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்கப் போகிறோம். தேதிக்கு முந்தின நாளே ஃபைல், சீட்டு, மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுவேன். எந்த நாளில் என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர் குடித்தார், காய்ச்சல் இருந்ததா என்று டாக்டர் கேட்டால் மனப்பாடமாகச் சொல்வேன். டாக்டர் இப்போது அவரிடம் கேட்பதேயில்லை, என்னிடம்தான் கேட்கிறார். போன தடவை எழுதி முடித்துவிட்டு அவரைச் செல்லமாக ஒரு முறை முறைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவரை நம்ப முடியாதும்மா. நல்லவேளை, வீட்டுல நீங்களாவது பொறுப்பா இருக்கீங்க."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "ஆமா டாக்டர்" என்றார். நான் தலையாட்டினேன்.